உள்ளக ரேடியோ அலைப் பரவல் மாதிரிகளில் சுவர் இழப்பு: ஒரு மறுநோக்கு

கட்டடத்திற்குள் கம்பியில்லா வலையமைப்பைத் திட்டமிடுவோர் முதலில் நாடுவது ஓர் அட்டவணையை: சுவருக்கு இத்தனை டெசிபல், தளத்திற்கு இத்தனை டெசிபல். அத்தகைய எண்களை வழங்கிய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, பலமாடிக் கட்டடங்களில் 914 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அளந்து சைடலும் ராப்பபோர்ட்டும் 1992இல் வெளியிட்டது. அவர்தம் அளவீடுகளில் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வெண்களுக்கு நாம் கற்பிக்கும் பொருளே ஈண்டு ஆய்வுக்குரியது.

துணி போர்த்திய அலுவலகத் தடுப்புக்கு 1.4 டெசிபல், கான்கிரீட் சுவருக்கு 2.4 டெசிபல் என்கிறது அவ்வாய்வு. காஸ்ட் 231 என்னும் ஐரோப்பியக் கூட்டாய்வோ, 1800 மெகாஹெர்ட்ஸில் தடித்த சுவருக்கு 6.9 டெசிபல் தருகிறது. முன்னதன்படி திறனில் ஏறத்தாழ 57 விழுக்காடு சுவரைக் கடக்கிறது. பின்னதன்படி 20 விழுக்காடே. அதிர்வெண் வேறுபாடு இதில் ஒரு பகுதியை விளக்கலாம். ஆனால் காஸ்ட் 231 மெல்லிய சுவருக்கே 3.4 டெசிபல் கணக்கிட, கான்கிரீட்டுக்கு அதனினும் குறைந்த மதிப்பு எங்ஙனம் வந்தது? அது கான்கிரீட்டின் பண்பைக் குறிக்கும் எண் அன்று. அளவீடுகளுக்குப் பொருத்திப் பெற்ற கெழு. தாழ்வாரம் அலையை வழிநடத்துவதால் விளையும் ஆதாயமும், திறந்த கதவின் வழியே நுழையும் ஆற்றலும் அக்கெழுவினுள் கலந்துவிடக்கூடும்.

தள இழப்பில் இது இன்னும் வெளிப்படை. அவர்கள் அளந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒன்று முதல் நான்கு தளங்கள் வரை குறுக்கிட்டபோது சராசரி இழப்பு முறையே 12.9, 18.7, 24.4, 27.0 டெசிபல். முதல் தளம் 12.9 டெசிபலை விழுங்க, நான்காவது 2.6 மட்டுமே கூட்டுகிறது. தளத்தைத் துளைத்துச் செல்வது மட்டுமே அலையின் வழியெனில் இவ்வாறு நேராது. சன்னல் வழியே வெளியேறி, விளிம்பு விளைவாலும் அண்டைக் கட்டடத்தின் பிரதிபலிப்பாலும் அது மீண்டும் உட்புகுகிறது. காஸ்ட் 231 மாதிரி இதனை ஏற்று, தள இழப்பை எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகக் கூட்டாது வளைத்துக் கொள்கிறது. சுவர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்கிறது. தளத்திற்கு ஒப்பிய நியாயம் சுவருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பது விளங்கவில்லை.

1992 ஆய்வின் தரவு முழுமைக்கும் கணிப்பு, அளவீடு ஆகியவற்றுக்கிடையிலான திட்டவிலக்கம் 5.8 டெசிபல், திறனில் இது ஏறத்தாழ 3.8 மடங்கு. கெழுக்களைப் பொருத்திய அதே கட்டடங்களிலேயே நிலை இதுவெனில், அளவீடே செய்யப்படாத வேறொரு கட்டடத்தின் பரப்பெல்லை வரைபடத்தில் ஒற்றை டெசிபல் துல்லியத்தில் வண்ணம் தீட்டுவதற்கு என்ன அடிப்படை?