சக்கரத்தடியில் எலுமிச்சை

இலட்சங்களைக் கொட்டி எஸ்யூவி வாங்குகிறார் படித்தவர். முதல் வேலை என்ன? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்!

ஊர்தியை ஓடவைப்பது பழமா? மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 'ஈகோஸ்போர்ட்' கார்களை உருவாக்கியவை தொழிலாளர் கரங்களன்றோ? 2022இல் உற்பத்தி நின்று அவர்கள் வேலையிழந்தபோது, கண்ணேறு கழித்தவர்களில் கண்கலங்கியோர் எத்தனை பேர்?

அந்நகர் வழியே வேடந்தாங்கலுக்குப் பறவை காண விரைவோரே, அவ்வூர் உழவரையும் காணுங்கள்! எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமென்று கண்டறிந்தார்கள். ஆகவே, பறவைகள் அஞ்சுமென்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. காரணமறிந்து காப்பதே காவல்!

காரில் செல்வோரைக் காப்பவை பிரேக்கும், இருக்கைப் பட்டையும், ஓட்டுபவரின் நிதானமுமே. தோழா, கார் வாங்கு. பழத்தைப் பிழிந்து பருகு. நன்றியை உழைத்தவனுக்குச் செலுத்து!