பன்றி ரூபாயும் பத்து மடங்கு லென்ஸும்

பழைய வெள்ளி ரூபாயை எடைபோட்டு, லென்ஸில் பார்த்து, ‘இது அசல்தான்’ என்று உறுதியாகும் நொடியில் கிடைக்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. காசு சேர்ப்பது இன்பம் என்றால், காசை மதிப்பிடக் கற்றுக்கொள்வது பேரின்பம்! பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு, நல்ல வெளிச்சம். இவை போதும்.

என் செல்லக் காசு, 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். டெல்லி தர்பார் நடந்த அதே வருடத்துக் காசு. மன்னரின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. அதன் தும்பிக்கை குட்டையாகிப்போனதால் பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, காசைத் திரும்பப் பெற்றார்கள். 1912 முதல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். இரண்டு காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். ஒரு சாம்ராஜ்யமே தலைகுனிந்து திருத்திக்கொண்ட இடம் கடுகளவுதான்!

அசலா என்று பார்க்க முதலில் எடை. இந்த ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. புழங்கித் தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். அப்போது கைகொடுப்பது எனக்கு மிகப் பிடித்த தண்ணீர்ச் சோதனை. தராசின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் மூழ்கவிடுங்கள். தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். காசின் எடையை அதனால் வகுத்தால் 10.3 வர வேண்டும். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி கலந்த உலோகத்தின் அடர்த்தி அது. காசு எவ்வளவு தேய்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விடை 8, 9 என்று வந்தால் வாங்காமல் எழுந்துவிடலாம்.

பிறகு விளிம்பு. “மூஞ்சியை அப்புறம் பாரு தம்பி, மொதல்ல ஓரத்தைப் பாரு” என்று ஒரு பழைய காசு வியாபாரி சொல்லிக்கொடுத்தார். அது லட்சம் பெறும் பாடம். அசலில் வரிப்பற்கள் சீராக, கூர்மையாக இருக்கும். வார்த்து எடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி இணைப்புக்கோடு ஓடும். பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் தெரியும்.

அடுத்தது தரம். கிரீடம், காது, தாடி போன்ற மேடான இடங்கள்தான் முதலில் தேயும். அவை மழுங்காமல் இருந்தால் ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’. புழக்கத்துக்கே போகாத காசு ‘யூ.என்.சி.’. அதைச் சாய்த்துத் திருப்பினால் அச்சில் பிறந்த ஒளி, பரப்பின்மேல் சுழன்று ஓடும். பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்!

விலையைத் தீர்மானிப்பது வயது அல்ல. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை அதே வருடத்தோடு பல ஆண்டுகள் அச்சடித்தார்கள். அதனால் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதைவிட எத்தனையோ இளைய 1939 ரூபாய்தான் அபூர்வம். போலியும் அதற்குத்தான் அதிகம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். ராமர் பட்டாபிஷேகம் பதித்து, கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று போட்டு வரும் அணாக்களைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை சொன்னால் நம்பாதீர்கள்.

காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்த தடம் இருந்தால் சேகரிப்பாளர் விலை சரிந்துவிடும். தேய்த்துக் கழுவினாலும் அப்படித்தான். நூறு வருடக் கருமையைப் புளியும் விபூதியும் போட்டுப் போக்கினால், அதோடு விலையும் போகும். போன ஒளியை எந்த ஆசாரியாலும் திருப்பித் தர முடியாது.

உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலோ பாட்டியின் சுருக்குப்பையிலோ வெள்ளி ரூபாய் இருந்தால், தயவுசெய்து துலக்காதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், எடை பாருங்கள், லென்ஸில் பாருங்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.