சமமும் சமநிலையும்

விளையாட்டைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வதா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கதையும் பாத்திரமும் உள்ள இடமெல்லாம் திறனாய்வுக்கும் இடமுண்டு என்பது என் துணிபு. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்சும் டேவ் ஆர்னிசனும் படைத்தளித்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அத்தகைய விளையாட்டு. மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேச்சாலேயே கதையை வளர்த்துச் செல்வர்.

பாத்திரத்துக்கு வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், கவர்ச்சி என ஆற்றல்கள் ஆறு. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையே ஒவ்வொன்றின் மதிப்பெண். போர்வீரனுக்கு வலிமை முதன்மை, மந்திரவாதிக்கு அறிவு. முதன்மை ஆற்றலில் 15-க்குக் குறையாது பெற்றவனுக்கு அனுபவப் புள்ளிகள் நூற்றுக்குப் பத்து கூடும். 6-க்கு மேற்படாதவனுக்கு நூற்றுக்கு இருபது குறையும். உள்ளவனுக்கே மேலும் வழங்கும் விதி இது! 1978-ஆம் ஆண்டு விதிநூலோ, 'பாலடின்' எனும் அறவீரனாவதற்குக் கவர்ச்சி 17 வேண்டும் என்றது. மூன்று பகடையில் அது கிட்டும் வாய்ப்பு 54-இல் ஒன்றே.

2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு, பகடைக்கு மாற்றாக 27 புள்ளிகளைப் பகிர்ந்துகொள்ளவும் இடந்தந்தது. ஒவ்வோர் ஆற்றலும் 8-இல் தொடங்கும். அதனை 15-க்கு உயர்த்த 9 புள்ளிகள் செலவாகும். எல்லார்க்கும் ஒரே அளவு. ஆயின், குறை நீங்கிற்றா? மந்திரவாதி அறிவை உயர்த்திய பின்னும் 18 புள்ளிகள் எஞ்சும். அறவீரனுக்கோ வலிமை, உடலுறுதி, கவர்ச்சி மூன்றும் தேவை. மூன்றையும் உயர்த்தினால் கைப்பொருள் முற்றும் தீர்ந்து, ஏனைய மூன்றும் 8-லேயே நின்றுவிடும். ஒரே அளவில் தைத்த சீருடையை எல்லா மாணவர்க்கும் கொடுத்துவிட்டு, நீதி செய்தோம் என்று எந்தத் தலைமையாசிரியன் மார்தட்ட முடியும்?

எனினும், அப்பதிப்பின் மேன்மை வேறோரிடத்தில் ஒளிர்கிறது. ஆறாம் படிநிலை எய்திய அறவீரனின் கவர்ச்சி தரும் கூடுதல் எண், தீங்கினின்று தப்ப அவன் உருட்டும் பகடையோடு சேர்வதன்றி, அருகில் நிற்கும் தோழரின் பகடையோடும் சேர்கிறது. மூன்று ஆற்றல்களுக்காகச் செலவிட்டவன் வீணே செலவிட்டவனல்லன், குழுவுக்கே அரணாகிறான். புள்ளிக் கணக்கில் நேர்ந்த குறையைப் பாத்திரத்தின் பணி ஈடுசெய்கிறது.

ஆகவே, சமநிலையை மதிப்பெண் பட்டியலில் மட்டும் தேடுவது பிழை. 'இவனின்றி இயலாது' என்று தோழர் உணரும் வேளை மேசையில் அமர்ந்த ஒவ்வொருவர்க்கும் வாய்க்கிறதா? விதிநூலை உரைத்துப் பார்க்கும் உரைகல் அதுவே. வகுப்பறைக்கும் அதுவே.