சேர்ந்திசையும் திருவாசகச் சொல்லும்: கேட்போர் கருத்துகள் குறித்த ஒரு மதிப்பீடு (மும்பைத் தமிழர் இசைச்சூழலை முன்வைத்து)

எட்டாம் திருமுறையுள் முதலாவதாக வைக்கப்பெற்றுள்ள திருவாசகம் 51 பகுதிகளையும் 658 பாடல்களையும் கொண்டது. ஓதுதற்கென்றே அமைந்த இந்நூல் ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து ஒலிநாடாவுக்கும் சென்று, 2005ஆம் ஆண்டில் மேலைநாட்டுச் சேர்ந்திசையையும் அடைந்தது. இளையராஜா இசையமைத்துப் பாட, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் இசைக்க, அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜின் முயற்சியால் தமிழ் மையம் இத்தொகுப்பை உருவாக்கியது. யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து ஆகிய ஆறு பகுதிகளிலிருந்து தெரிந்தெடுத்த அடிகள் இதில் இடம்பெற்றன. சிவபுராணப் பகுதியில் ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் இடையிடையே அமைந்தன.

இத்தொகுப்பு வெளிவந்த நாள்முதல் கேட்போர் பலவாறாகக் கருத்துரைத்தனர். இது சிம்பொனி ஆகாது என்றனர் சிலர். பண்ணோடு பாட வேண்டியதைப் பிறநாட்டு இசையில் இட்டது முறையன்று என்றனர் வேறு சிலர். பெருங்குழுவின் முழக்கத்திற்குப் பாடகரின் குரல் ஈடுகொடுக்கவில்லை என்பதும் ஒரு கருத்து. ஆங்கிலம் ஒட்டவில்லை என்பது மற்றொன்று. இக்கருத்துகளுள் எவை திருவாசகம் என்னும் பனுவலைத் தொட்டுப் பேசுகின்றன, எவை தொடாமலே பேசுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கேட்போரும் எதிர்பார்ப்பு எல்லையும்

ஒரு படைப்பை ஏற்போர் வெறுங்கையோடு வருவதில்லை. முன்னர்க் கேட்டவற்றால் உருவான எதிர்பார்ப்பு எல்லையோடு வருகின்றனர் என்பது ஏற்புக் கோட்பாட்டின் அடிப்படை. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967இல் முன்வைத்த இக்கருத்தை விளக்குதற்கு மும்பைத் தமிழர் வாழிடங்களைப் போல் ஏற்ற சூழல் பிறிதொன்றில்லை எனலாம். தமிழகத்தில் ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் கேட்டல் மரபுகள் அங்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நெருங்கி நிற்கின்றன.

மாட்டுங்காவை ஒட்டி நிற்பது சண்முகானந்தா அரங்கம். 1952இல் தோன்றிய சபை 1963இல் எழுப்பிய அவ்வரங்கம் 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பெற்றது. 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அவ்வரங்கில் அமர்ந்து கருநாடக இசை கேட்டுப் பழகிய செவி, ஒற்றை மெல்லிசைக் கோட்டின் நெளிவுசுளிவுகளையே இசையாகக் கொள்ளும். அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தாராவியில் நிலை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடிச் சென்றோரின் வழித்தோன்றல்கள் மிகுந்து வாழும் அப்பகுதியில் கோயில் கொடையின் மேளமும் பறையும், ஒலிபெருக்கி வழிவந்த சீர்காழி கோவிந்தராசன், டி.எம். சௌந்தரராசன் ஆகியோரின் குரல்களும் செவியைப் பழக்கின. இளையராஜாவின் திரையிசை அங்குள்ளோர்க்கு அன்றாட மொழி. செம்பூரின் நடுத்தரக் குடும்பங்களோ இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவை. சபைக் கச்சேரியும் திரைப்பாடலும் அங்கு ஒரே வீட்டில் ஒலிப்பவை.

சேர்ந்திசையும் இந்நகருக்குப் புதிதன்று. கோவாவைச் சேர்ந்த வயலின் கலைஞர் அந்தோனி கோன்சால்வஸ் 1958இல் இந்திய சிம்பொனி இசைக்குழு ஒன்றை அமைத்து, புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் இராக அடிப்படையிலான படைப்புகளை அரங்கேற்றினார். லதா மங்கேஷ்கரும் மன்னா தேயும் அதில் பாடினர். இந்தித் திரையிசையின் பெருங்குழுக்களில் வாசித்தோருள் கோவாக் கிறித்தவர் பலர். ஆகவே வயலின் கூட்டமும் இந்தியக் குரலும் இணைவதைக் கேட்ட செவிகள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் முன்னமே இருந்தன. அவ்விணைப்பின் நடுவில் திருவாசகம் வந்ததே புதுமை.

பெயர் பற்றிய வழக்கு

சிம்பொனி என்பது பெரும்பாலும் நான்கு பகுதிகளாக இயலும் கருவியிசைப் படைப்பு. சமயப் பொருளைத் தனிக்குரலும் கூட்டுக்குரலும் இசைக்குழுவும் சேர்ந்து நடிப்பின்றி எடுத்துரைப்பது ஆரட்டோரியோ. இவ்வரையறையின்படி 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு இரண்டாம் வகையையே சாரும். தொகுப்பை உருவாக்கியோரும் ஆரட்டோரியோ என்னும் சொல்லை ஆண்டுள்ளனர். தலைப்பில் சிம்பொனி என்று இட்டது விற்பனைக்கு உதவியிருக்கலாம், திறனாய்வுக்கு உதவவில்லை. இளையராஜா 1993இல் இலண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவுசெய்த சிம்பொனி வெளிவரவே இல்லை. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ இலக்கணப்படி அமைந்த சிம்பொனி. அதில் பனுவல் இல்லை. பெயரைப் பற்றி இத்துணைப் பேசினாலே போதுமானது; பல மதிப்புரைகள் இவ்விடத்திலேயே தொடங்கி இவ்விடத்திலேயே முடிந்துபோயின.

இதையொட்டி எழுந்த மற்றொரு போக்கும் சுட்டத்தக்கது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலின் வழி யாழும் யாழின் வழி தண்ணுமையும் நிற்க, கருவிகள் ஒன்றையொன்று மறைக்காது இயைந்த முறை விரித்துரைக்கப்படுகிறது. இதனைக் கொண்டு பண்டைத் தமிழரிடம் சிம்பொனி இருந்தது என நிறுவ முனைவது வீண்முயற்சி. அக்காதை கற்பிப்பது வேறொன்று: கருவி பலவாயினும் ஒன்றன் ஒலி மற்றொன்றை விழுங்கலாகாது என்பது. அவ்வளவுகோலை 2005ஆம் ஆண்டுத் தொகுப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பண் மீறல் என்னும் குற்றச்சாட்டு எளிதில் நிற்பதன்று. தேவாரப் பதிகங்கள் பண்முறையில் வகுக்கப்பெற்றவை. திருவாசகத்திற்கு அத்தகைய பண் வகுப்பு இல்லை. ஓதுவார்கள் அதனைப் பெரும்பாலும் மோகன இராகத்தில் பாடுவது வழக்கு. வழக்கை மதிக்கலாம், விதியாக்க இயலாது. மேலும், பத்திமை என்பது ஒற்றைக் குரலுக்கே உரியது என்னும் எண்ணத்தையும் திருவாசகமே மறுக்கின்றது. அம்மானை, சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என மகளிர் கூடி ஆடும் விளையாட்டுகளை மாணிக்கவாசகர் தம் பாடல் வடிவங்களாகக் கொண்டார். திருப்பொற்சுண்ணம் உலக்கை பிடித்து இடிக்கும் மகளிர் கூட்டத்தின் பாட்டு. வளையொலியும் தொண்டர் ஆரவாரமும் அதனுள்ளேயே அடுக்கடுக்காக எழுகின்றன. இத்தகைய பகுதியில் பல குரல்களும் பெருங்குழுவும் இடம்பெறுதல் பனுவலின் இயல்போடு ஒத்துப்போவதேயாகும்.

குரலும் சொல்லும்

கேட்போர் கருத்துகளுள் ஆழமாக ஆராயத்தக்கது குரல் பற்றியதே. இதனைத் தெளிவுறுத்த அதே ஆண்டுகளில் வேறோர் இசைவகையைச் சூழ்ந்து எழுந்த விவாதம் உதவும். சிம்பொனிக் மெட்டல் எனப்படும் வகை, மின்கிதாரின் கடுமுழக்கத்தோடு சேர்ந்திசையையும் ஓபராக் குரலையும் இணைப்பது. பின்லாந்தின் நைட்விஷ் குழு 2004இல் இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு உருவாக்கிய ‘ஒன்ஸ்’ தொகுப்பு இதற்குச் சான்று. அதில் பாடிய தார்யா துருனென் செவ்வியல் பயிற்சி பெற்றவர். 2005 அக்டோபரில் அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, 2007இல் ஓபராச் சாயலற்ற மற்றொரு பாடகியோடு அடுத்த தொகுப்பு வந்தபோது கேட்போர் இரு கூறாகப் பிரிந்தனர். அந்தக் குரல் இல்லையேல் அந்த இசையும் இல்லை என்றது ஒரு சாரார் கருத்து. இப்போதுதான் சொல் விளங்குகிறது என்றது மறுசாரார் கருத்து. மும்பையிலும் இவ்விசைக்கு அணுக்கமான மரபு ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய டெமோனிக் ரெசரக்‌ஷன் குழு, 2017இல் திருமாலின் பத்துத் தோற்றரவுகளைப் பொருளாகக் கொண்டு ‘தசாவதார்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது.

ஓபராக் குரல் ஏன் அவ்வாறு ஒலிக்கிறது என்பதற்கு ஒலியியல் காரணம் உண்டு. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் பெருங்குழுவைக் கடந்து கடைசி வரிசையை எட்ட வேண்டியிருந்ததால், பாடகர்கள் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்சு அளவில் குரலின் ஆற்றலைக் குவிக்கப் பயின்றனர். இசைக்குழுவின் வலிமை அவ்வளவில் குறைந்திருக்கும். பெண்குரல் மிக உயர்ந்து செல்லுங்கால் வாயை அகலத் திறந்து ஒலியைப் பெருக்குவர். அந்நிலையில் இ, உ, எ ஆகிய உயிர்கள் தம் வடிவை இழந்து அகரத்தை நெருங்கிவிடும். இது பாடுவோரின் குறையன்று, வாயறையின் இயற்கை.

தமிழ்ப் பனுவலுக்கு இதனால் நேர்வது யாது? இசையில் எழுத்துகள் தத்தம் மாத்திரை அளவைக் கடந்து நீளும் என்பதைத் தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா உடன்படுகிறது. அளவு நீள்வதற்கே அங்கு இசைவு. எழுத்தின் வடிவு திரிவதற்கு இல்லை. ‘என்னை’, ‘உன்னை’ என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்துவது முதலெழுத்து ஒன்றே. திருவாசகத்தின் பொருளனைத்தும் இவ்விரு சொற்களுக்கு இடைப்பட்ட தொலைவில்தான் நிகழ்கிறது. கோயில் திருப்பதிகத்தில் இறைவன் தன்னைத் தந்து அடியவனைக் கொண்ட பரிமாற்றத்தை எண்ணி, யார் வணிகத்திறம் மிக்கவர் என அடிகள் வியப்பது நினைக்கத்தக்கது. அவ்விரு உயிர்களும் ஒன்றாய்க் குழையும் குரலில் அப்பாடல் ஒலிப்பின், கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதே மறைந்துபோகும்.

இளையராஜாவின் குரல் பெருங்குழுவுக்கு ஈடுகொடுக்கவில்லை என்னும் கருத்தை இவ்வொளியில் மீளப் பார்க்க வேண்டும். அக்குரலில் ஓபராப் பயிற்சியும் இல்லை, ஓதுவாரின் கணீரொலியும் இல்லை. தேனி மாவட்டப் பண்ணைப்புரத்தின் சாயலை இழக்காத, சற்றே கரகரத்த குரல் அது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவாரின் பதிவுகளில் தோய்ந்தோர்க்கு அது மெலிந்து தோன்றுவது இயல்பு. ஆயினும் ஒலிவாங்கி உள்ளவிடத்துக் குரல் குழுவோடு போரிட வேண்டுவதில்லை. எகரமும் உகரமும் சிதையாது, குறில் குறிலாகவே நின்று, சொல் முன்னே வர இசைக்குழு பின்னே விரிகிறது. சிவபுராணத்தின் இருபத்தைந்தாம் அடியிலிருந்து பெயர் பெற்ற ‘பொல்லா வினையேன்’ பாடலில் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அடியவனுக்குச் செம்மாந்த குரல் பொருந்தாது; குறையுடைய குரலே பொருந்தும். கேட்போர் குறையெனச் சுட்டியது, இத்தொகுப்பு பனுவலுக்கு மிக நெருங்கி வரும் இடமாக உள்ளது.

இதே பாடலில்தான் தொகுப்பு தடுமாறவும் செய்கிறது. ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் அதில் ஆங்கில வரிகள் வேறு குரல்களில் வருகின்றன. மொழி வேறுபட்டதன்று குறை. ஜி.யு. போப் 1900ஆம் ஆண்டிலேயே திருவாசகம் முழுமையையும் ஆங்கிலத்தில் தந்துவிட்டார். கிறித்தவக் குருமார் இந்நூலைத் தொட்டது 2005இல் முதன்முறை நிகழ்ந்ததும் அன்று. தனியொருவனின் கழிவிரக்கமாக இயங்கிய பனுவல், ஆங்கிலப் பகுதி வந்ததும் மனிதன் என்னும் பொதுப்பெயரின் கூற்றாக மாறிவிடுகிறது. சொல்லுவோன் மாறுகிறான், கேட்கப்படுவோனும் மாறுகிறான். ஆங்கிலம் ஒட்டவில்லை என்று கூறிய கேட்போர் காரணத்தை விளக்காவிடினும் சரியான இடத்தையே உணர்ந்துள்ளனர்.

பொருள் மறைந்த பின்னும் ஒலி மட்டும் வாழ்தல் கூடும் என்பதற்குச் சயாம் நாட்டில் ஒரு சான்று கிடைக்கிறது. பாங்காக் அரண்மனைப் பார்ப்பனர் திருவெம்பாவையைத் திரிந்த ஒலியில், பொருள் அறியாமலே சடங்கில் ஓதிவந்தனர். அங்கே அது மந்திரமாய் நின்றது. தமிழறிந்தோர் முன் அவ்வாறு நிற்பது அதற்குப் போதாது.

பாடும் உரிமை

குரல் பற்றிய கருத்துகளுக்கு அடியில் உரிமை பற்றிய வினா ஒன்றும் கிடக்கிறது. மாணிக்கவாசகர் இறைவனோடு கலந்த இடமாக மரபு போற்றும் சிதம்பரத்தில், சிற்றம்பல மேடையில் நின்று தமிழ்த் திருமுறை பாட முயன்ற சிவனடியார் ஆறுமுகசாமி தடுக்கப்பட்டார். 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை வந்த பின்னர், மார்ச் 2ஆம் நாள் காவலர் சூழ அவர் பாட நேர்ந்தது. அங்கு அவருடைய சாரீரம் நல்லதா என்று எவரும் வினவவில்லை. அவர் அவ்விடத்தில் பாடலாமா என்பதே வழக்கு. மூன்றாண்டுகளுக்கு முன் இசைத்தொகுப்பைப் பற்றி எழுந்த ‘குரல் தகாது’ என்னும் கருத்தை இதனோடு முற்ற ஒப்பிடுதல் மிகை. எனினும் திருமுறைக்குத் தகுந்த குரல் இன்னதென முன்னரே வரையறுத்துவிடும் மனப்போக்கு இரண்டிலும் காணப்படுகிறது.

மும்பையில் இவ்வரையறை நிலவியல் வடிவும் பெற்றுள்ளது. சண்முகானந்தா அரங்கின் மேடைக்குரலுக்கும் தாராவிக் கோயில் ஒலிபெருக்கியின் குரலுக்கும் இடையே இருப்பது தொடர்வண்டிப் பாதையும் ஒரு சாலையும்தான். முதலாவது செவிக்குப் பண்ணைப்புரத்துக் குரல் பயிற்சிக் குறைவாகப் படலாம். இரண்டாவது செவிக்கு அது வீட்டுக் குரல். மதிப்புரைகளாக அச்சேறியவை பெரும்பாலும் முதலாவது வகைச் செவியினருடையவை. தாராவியின் செவி என்ன கூறிற்று என்பது எழுத்தில் இல்லை. அதனை வாய்மொழியாகத் திரட்டும் களப்பணிக்கு, அத்தொகுப்பை வெளிவந்தபோதே கேட்ட தலைமுறை அங்கு இன்னும் இருக்கிறது.