மகனைப் போல் வளர்ந்த மகள்: தடாதகை, அல்லி, உண்ணியார்ச்சை

பெண்மகவு ஆண்மகவைப் போல் வளர்வதைத் தமிழ் மரபு முற்றிலும் மறுத்ததில்லை. அவ்வளர்ப்புக்குத் திருமணத்தை எல்லையாக வகுத்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், மகன் வேண்டி வேள்வி இயற்றிய மலயத்துவச பாண்டியனுக்கு மூன்று முலைகளுடன் தடாதகை தோன்றுகிறாள். மகனுக்குரிய சடங்குகளை அவளுக்குச் செய்யுமாறு அசரீரி பணிக்கிறது. அவள் படைக்கலம் பயில்கிறாள்; முடி சூடுகிறாள்; திசைகளை வெல்கிறாள். கயிலையில் சிவனைக் கண்டதும் ஒரு முலை மறைய, நாணம் பிறக்கிறது. மணத்திற்குப் பின் ஆட்சி சுந்தர பாண்டியனுடையதாகிறது. ஆடவர்க்குரியவை எனப்பட்ட விருப்பங்களைப் புராணம் மிகையான ஓர் உறுப்பாகவே காண்கிறது எனலாம். அது மறையப் போராட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

புகழேந்தியின் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் இது அத்துணை எளிதன்று. மதுரையை ஆளும் அல்லி ஆடவரை வெறுப்பவள். கண்ணன் துணையுடன் பாம்புருவில் நுழையும் அருச்சுனன், அவள் உறங்குகையில் தாலி கட்டுகிறான். விழித்திருப்பவளிடம் அது இயலாது என்பதைக் கதைப்பாடல் மறைக்கவில்லை. பெண் சொல் செல்லும் வீட்டை 'அல்லி இராச்சியம்' என்று எள்ளும் வழக்கு, அவளது ஆட்சியை மட்டும் நினைவில் கொண்டு அவ்வஞ்சனையை மறந்துவிட்டது.

வாளையாரைக் கடந்து வடமலபாரின் வடக்கன் பாட்டுகளுக்குச் சென்றால் நிலை வேறு. புத்தூரம் வீட்டு உண்ணியார்ச்சை களரி பயின்றவள். மணமான பின்னும் சுருள்வாளைக் கைவிடாதவள். கூத்துக் காணச் செல்லும் வழியில் தன்னைக் கவர முயன்றோரை அவளே எதிர்க்கிறாள். கணவன் குஞ்ஞிராமன் நடுங்கி நிற்கிறான். அதற்காகப் பாட்டு அவளைத் திருத்த முனையவில்லை. எனினும் பின்னாளில் தமையன் ஆரோமலின் சாவுக்குப் பழி தீர்க்கும் வாள், அவள் மகன் ஆரோமலுண்ணியின் கைக்கே செல்கிறது.