ஒரு வெங்காயத்தின் பலம்

கிறிஸ்தவத்தின் ரட்சிப்பை நம்ப முடியுமா? 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் தந்த விடை, லெட்ஜர் எழுதும் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. கடன் மனிதனுடையது, தீர்க்கும் சக்தி கடவுளுக்கே உண்டு, எனவே கடவுள் மனிதனானார். தர்க்கம் பிசகவில்லை. ஆனால் ஜாமீன்தார் பணம் கட்டினால் கணக்குத்தான் முடிகிறது. கடனாளி அப்படியேதான் இருக்கிறான்.

1880இல் முடிந்த 'கரமஸாவ் சகோதரர்'களில் தாஸ்தாயெவ்ஸ்கி கணக்கையே கைவிடுகிறார். துறவி ஸோஸிமாவின் சடலம் நாறிவிட்டது. எதிர்பார்த்த அற்புதம் நிகழவில்லை. மனம் கசந்து, கெட்டுப்போகவும் தயாராக அல்யோஷா குருஷென்காவிடம் வருகிறான். அவன் மடியில் உட்கார்ந்து விளையாடுகிறவள், ஸோஸிமா இறந்த செய்தி கேட்டதும் சட்டென்று எழுந்துவிடுகிறாள். பிறகு ஒரு கதை சொல்கிறாள். நெருப்பு ஏரியில் ஒரு கிழவி. ஆயுளில் அவள் செய்த ஒரே நன்மை, தோட்டத்தில் பிடுங்கிப் பிச்சைக்காரிக்குக் கொடுத்த வெங்காயம். தேவதூதன் அதை நீட்டி அவளை இழுக்கிறான். மற்றவர்களும் அவளைப் பற்றிக்கொள்கிறார்கள். வெங்காயம் தன்னுடையது என்று அவள் உதைக்கிறாள், அது அறுந்துபோகிறது.

ஆயுள்காலப் பாவத்துக்கு ஒரு வெங்காயம் எந்தக் கணக்கிலும் ஈடாகாது. இருந்தும் அவள் உரிமை கொண்டாடும்வரை அது தாங்கியது. தனியாக ஒருவர் கரையேற முடியாது என்பதை இங்கே தர்க்கமில்லாமலே ஏற்கிறேன். குருஷென்கா மடியைவிட்டு எழுந்ததும் ஒரு வெங்காயம்தான்.

சிலுவை பற்றி என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. சென்ற மாதம் சக ஊழியர் ஒருவர் கேட்ட ஜாமீன் கையெழுத்தை மறுத்தவன் நான். அந்தக் கிழவியை அருவருப்போடு படிக்க எனக்கு யோக்யதை இல்லை.