மூடி போட்டு எடுக்கும் படம்

திருவாதிரைக்குத் தெற்கே, மூன்று நட்சத்திர வரிசையைத் தாண்டி, வெறுங்கண்ணுக்குச் சாம்பல் திட்டாகத் தெரிவது ஓரையன் நெபுலா. தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு. டிஎஸ்எல்ஆர் கேமராவில் படமெடுத்தால் அது சிவக்கும். ஆனால் முழுச் சிவப்பும் வராது. ஹைட்ரஜன் உமிழும் 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைச் சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டியே விழுங்கிவிடும். உத்தரவாதம் போனாலும் போகட்டும் என்று அதைக் கழற்றிவிடும் பித்தர்கள் உண்டு.

இப்படி நெபுலாவைப் படமெடுப்பதில் எனக்குப் பிடித்தது டார்க் ஃபிரேம். லென்ஸை மூடிவிட்டு, அதே குளிரில், அதே ஐஎஸ்ஓவில், அதே நேரத்துக்கு வெறும் இருட்டைப் படமெடுப்பது! சென்சாரின் சொந்தக் கறைகள் மட்டும் அதில் பதியும். நெபுலா படத்திலிருந்து அவற்றைக் கழிப்பார்கள். பிறகு நூறு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால், மிஞ்சிய இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். மங்கலான இழைகள் மேலெழும்.

முதன்முறை முயல்பவர்கள் அமாவாசையை ஒட்டி எடுங்கள். மூடியைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்.